மிளகுப் பாடம்

ஏழாம் வகுப்பில் எங்களுக்கு மணியடித்தால் பாடம் மாறாது. நாள் முழுக்க ஒரே அறை, ஒரே டீச்சர். ஒரு பொருளை எடுத்துக்கொண்டால் கணக்கு, பூகோளம், சரித்திரம் எல்லாம் அதிலிருந்தே வரும். அந்த மூன்று மாதப் பள்ளித் தவணைக்கு மிளகு. அலவத்துகொடயிலிருந்து வரும் பிள்ளை தோட்டத்துக் கொடியையே அறுத்துவந்து மேசையில் போட்டாள். பதிலை ஒருத்தி ஆரம்பிப்பாள், விட்ட இடத்தில் இன்னொருத்தி தொடர்வாள். அதுதான் எங்கள் பழக்கம்.

தலைமை ஆசிரியைக்கு இது அறவே பிடிக்கவில்லை. பள்ளியைப் பார்வையிட வரும் இன்ஸ்பெக்டருக்குத் திருப்தியில்லை என்றால் அடுத்த தவணை முதல் பாடத்துக்கொரு டீச்சர், எங்கள் டீச்சருக்குச் சின்னப் பிள்ளைகளின் அரிவரி வகுப்பு என்று எங்கள் காதுபடவே சொன்னார்.

தலைமை ஆசிரியையோடு வகுப்புக்கு வந்த இன்ஸ்பெக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். மடுல்கெல்லத் தோட்டத்துப் பிள்ளையை எழுப்பி, "இப்ப என்ன பாடம்?" என்றார்.

"மிளகுங்க ஐயா."

தலைமை ஆசிரியையின் முகம் கறுத்தது.

"மிளகு எங்கை விளையும்?"

"நெழல் வேணுங்க. மரத்துல ஏறும்," என்று அவள் நிறுத்த, பின்னாலிருந்து ஒருத்தி மழையைச் சொன்னாள், இன்னொருத்தி கடல் கடந்து மிளகுக்கு வந்த பறங்கியர் கப்பலுக்கே போய்விட்டாள்.

"நான் ஒரு பிள்ளையைத்தான் கேட்டனான். எல்லாரும் சொல்லிக் குடுக்கிறியளோ?"

கள்ளத்தனம் என்றே நினைத்துவிட்டார். எனக்கு எப்போதும் மூக்கு நுனியில் கோபம். மஹய்யாவ ஊர்க்காரி சும்மா இருப்பேனா? எழுந்துவிட்டேன்.

"எல்லாரையும் வெளியில அனுப்பிட்டு என்னை மட்டும் கேளுங்க ஐயா."

டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டார். மற்றவர்கள் வெளியே போனார்கள். இன்ஸ்பெக்டர் சரித்திரத்தில் தொடங்கினார். அது அலவத்துகொடப் பிள்ளையின் பங்கு, அதில் நான் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. ஆனால் தினமும் கேட்ட காது அல்லவா? பறங்கியரும் ஒல்லாந்தரும் தாமாகவே வந்தார்கள். பச்சை மிளகு காய்ந்தால் எடை எவ்வளவு குறையும் என்ற கணக்கையும் போட்டேன், கரும்பலகையில் கப்பல் போன வழியையும் கீறினேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"போய் அடுத்த ஆளை அனுப்பும்," என்றார்.

அடுத்தவளும் எல்லாம் சொன்னாள். அதற்கடுத்தவளும்தான். மடுல்கெல்லப் பிள்ளை வரைபடத்தில் என்னை விடவும் கெட்டி. அதன் பிறகு அவர் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இனி எல்லாரும் சேர்ந்தே சொல்லுங்கோ."

சொன்னோம். இன்ஸ்பெக்டருக்காகப் பக்கத்து வகுப்பு காத்துக்கிடந்தது. அவர் எழும்பவில்லை. அப்படியொரு சந்தோஷம் எனக்கு அதற்குமுன் வந்ததில்லை. தலைமை ஆசிரியை வாசலில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

டீச்சர் அரிவரிக்குப் போகவில்லை. எங்களோடு எட்டாம் வகுப்புக்கு வந்தார்.