ஊமைக்கல்

கஞ்சிக்கோட்டில் கிரானைட் அறுக்கும் கம்பெனி ஒன்றில் என் வீட்டுக்காரருக்குத் தனி வேலை இருந்தது. வாளையார் செக்போஸ்ட் தாண்டி லாரியில் வந்து இறங்கும் பாறைகளைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது. நல்ல கல் கணீரென்று குரல் கொடுக்கும். உள்ளே விரிசல் இருந்தால் பொத்தென்று ஒரு சத்தம். அதை ஊமைக்கல் என்பார். தெரியாமல் ஊமைக்கல்லை ரம்பத்தில் ஏற்றிவிட்டால் பாதி அறுப்பில் பலகைகள் உடைந்து விழும், பிளேடும் போகும். அவர் சரி என்று சொல்லாமல் எந்தப் பாறையும் உள்ளே போகாது. அதில் எனக்கும் கொஞ்சம் திமிர் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அதற்கு முன்னால் அவர் குவாரியில் இருந்தவர். பாறையில் வரிசையாகத் துளை போட்டு, துளைகளில் ஆப்பு இறக்கி, மாற்றி மாற்றி அடித்துப் பிளக்கிற வேலை. துளை போடும் மெஷினைப் பிடித்துப் பிடித்து இடுப்பு போய்விட்டது. தட்டுகிற வேலை கைவிட்டுப் போனால் மறுபடி அங்கேதான் போக வேண்டும். அந்த இடுப்போடு ஒரு மாதம்கூடத் தாங்கமாட்டார் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

நான் உள்ளே பாலிஷ் பக்கம். அறுத்த பலகை மேல் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க, சொரசொரப்பான கல்லில் தொடங்கி நைசான கல் வரை மாற்றி மாற்றித் தேய்க்க வேண்டும். கடைசியில் பலகையில் முகம் தெரியும். என் முகத்தைப் பார்த்து நிற்க அங்கே யாருக்கு நேரம்? பின்னால் ரம்பம் நாள் முழுக்க அலறும். காதில் பஞ்சு வைப்போம், அதுவும் தண்ணீர் தெறித்து நனைந்துவிடும்.

அவருக்குக் காது மந்தமாவது எனக்குத் தெரியவில்லை. பொண்டாட்டி கூப்பிட்டால் கேட்காதது எல்லா ஆம்பிளைக்கும் உள்ள நோய்தானே என்று விட்டுவிட்டேன். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று திட்டக்கூடச் செய்திருக்கிறேன். டீவி சத்தம் தாங்கவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி சண்டைக்கு வந்தாள். சத்தத்தைக் கூட்டி வைத்தது நான், பழியை அவர் மேல் போட்டேன்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது அவரே சொன்னார்.

"ஏம்புள்ள, இப்ப வர்ற கல்லெல்லாம் ஊமையாவே கெடக்குது."

"வேற குவாரில எடுக்கறாங்களோ என்னமோங்க."

"கல்லு மாறல புள்ள. என்ற காதுதான்."

சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாயில் வைக்கவில்லை.

வழி சொன்னது நான்தான். விரிசல் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று, லாரியிலிருந்து இறக்கியதும் பாறையைக் கழுவுவார்கள். அந்த வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். நான் தண்ணீர் ஓஸைப் பிடித்துக்கொண்டு எதிரே நிற்பேன், அவர் தட்டுவார். கணீரென்று கேட்டால் நான் கண்ணை மூடித் திறப்பேன். இல்லாவிட்டால் சும்மா நிற்பேன். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒதுக்கிய கற்கள் காம்பவுண்டு ஓரம் குவிந்தன. இவ்வளவு கறாராக யார் பார்ப்பார்கள் என்று மலையாளத்துச் சூப்பர்வைசர் அவரைப் பாராட்டினார். குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

குவியல் ஏறிக்கொண்டே போனதும் முதலாளி சத்தம் போட்டிருக்கிறார். ஒரு நாள் சூப்பர்வைசர் எங்கள் இரண்டு பேரையும் அந்தக் குவியலுக்குக் கூட்டிப்போனார். கல் கொண்டுவந்த லாரி டிரைவர் கையில் சுத்தியலைக் கொடுத்துத் தட்டச் சொன்னார். அன்று கரண்ட் இல்லை. ரம்பம் நின்றிருந்தது, அதன் மேல் பழி போடவும் வழியில்லை.

டிரைவர் ஒரு கல்லைத் தட்டினார். "ஏனுங்க, வெங்கல மணியாட்டக் கேக்குதுங்களே. இதயா ஒதுக்குனீங்க?"

அடுத்ததையும் தட்டினார். சுற்றி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"சேச்சி, இதெல்லாம் நல்ல கல்லாக்கும்," என்றார் சூப்பர்வைசர்.

எனக்குப் பொத்தென்றுதான் கேட்டது. இன்னொரு தடவை தட்டச் சொன்னேன். டிரைவர் ஓங்கித் தட்டினார். சுத்தியல் எகிறுவது தெரிந்தது, கல்லில் ஒட்டியிருந்த தூசி பறந்தது. சத்தம் அதே பொத்துதான். இத்தனை மாதமாக எத்தனை நல்ல கல்லுக்கு நான் சும்மா நின்றிருக்கிறேனோ. எங்கள் பிழைப்பை நானே ஒதுக்கி ஒதுக்கி அந்தக் காம்பவுண்டு ஓரம் போட்டிருக்கிறேன்.

அவர் எதிரே நின்று, வழக்கம்போல என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் செய்யாததால், "ஊமைதான புள்ள?" என்று கேட்டார்.

"எனக்கும் கேக்கலீங்க," என்றேன் மெதுவாக.

அவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு கிட்டே வந்தார். அவ்வளவு பேர் முன்னாலும் அதை நான் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.