லென்ஸ் பெட்டிக்குள் ஒரு லீவு லெட்டர்

“கண்ணு டாக்டர் பேசுறது கேக்கணும்னா, முதல்ல காது டாக்டரைப் பாத்துட்டு வரணும் போல.”

முதல் நாள் முகாமில், வரிசையில் நின்ற ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னது இது. நான் டாக்டர் இல்லை. ஆப்டோமெட்ரி படித்துவிட்டுக் கண்ணாடிக்குப் பவர் பார்க்கிறவள். மற்றபடி அவர் சொன்னதில் தவறு இல்லை. சின்ன வயதிலிருந்தே என் குரல் என்னைத் தாண்டி அதிக தூரம் போனதில்லை. இந்தத் தொழிலோ, காலையிலிருந்து சாயங்காலம் வரை “இதுவா, அதுவா? எதுல தெளிவாத் தெரியுது?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிற தொழில்.

வெளியூர் வேலைக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. வீடு தென்காசிப் பக்கம். வேலை, திருச்சி மாவட்டத்தில் ஊர் ஊராக இலவசக் கண் பரிசோதனை முகாம், மூன்று மாதம். தங்குவது தென்னூரில் ஒரு பெண்கள் விடுதி. செவ்வாய்க்கிழமை மட்டும் லீவு. போக ஏழு மணி நேரம், வர ஏழு மணி நேரம். அந்த ஒரு நாளில் வீட்டுக்குப் போனால் ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பலாம்.

இந்த மூன்று மாதத்துக்குள்தான் வீட்டில் கிரகப்பிரவேசம் வைத்தார்கள். அப்பா எட்டு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய வீடு. நாள், ஒரு புதன்கிழமை. செவ்வாயோடு அந்தப் புதனையும் சேர்த்து லீவு கேட்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ எவ்வளவு பெரியது என்பது கூச்சப்படுகிறவர்களுக்குத் தெரியும்.

துறையூரில் வினாத்தாள் அவுட்

துறையூர் முகாமில் மதியத்துக்குமேல் வந்த எல்லோருக்கும் பார்வை பிரமாதமாக இருந்தது. கடைசி வரியைக்கூடத் தடுமாறாமல் படித்தார்கள். எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. காற்றில் விழுந்த எழுத்துப் பலகையைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் நாற்காலியில் உட்கார்ந்த ஒரு மளிகைக்கடைக்காரர் கடைசி வரியை மடமடவென்று ஒப்பித்து முடித்துவிட்டார். பலகை என் கையில்தான் இருந்தது, அதுவும் குப்புற.

விசாரித்தால், சோதனை முடிந்து போனவர்கள் வெளியே வேப்பமரத்தடியில் நின்று, வரிசையில் இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் சரியாகப் படித்துவிட்டால் கண்ணாடி கிடைக்காது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. பலகையைத் திருப்பி, பின்பக்க எழுத்துகளைக் காட்டினேன். அவர் முகம் வாடிவிட்டது.

“எனக்கு முன்னாடி போனவருக்கு மட்டும் ஈசியாக் கேட்டீங்களே, பாப்பா.”

துணைக்கு வந்தவர்

அதே முகாமில் ஒரு கணவனும் மனைவியும். கணவர் கண்ணில் லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டு நான் கேட்கக் கேட்க, பின்னால் நின்ற மனைவிதான் பதில் சொன்னார். இதில் மங்கலாம், அதில் தெளிவாம். அவரே சொல்லட்டுமே அக்கா என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் கணவர் என்னைப் பார்த்துச் சிரித்தாரே தவிர வாயைத் திறக்கவில்லை.

“அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாதுன்னு எனக்குத்தாங்க தெரியும்.”

ஸ்டேப்ளர், பஞ்சு, பேனா

எங்கள் முகாமின் பொறுப்பாளர் ஸ்டெல்லா மேடம். திருச்சிக்காரர். அவரும் எங்கள் படிப்புத்தான். ஆனால் பொறுப்பாளர் ஆனபிறகு லென்ஸ் பெட்டியைத் தொட்டதே இல்லை என்று என்னோடு பவர் பார்க்கும் நஸ்ரீன் சொல்வாள். பெட்டி என்றால் லேசான விஷயம் இல்லை. ஆளுக்கு ஒன்று. மூடியில், அன்று அதை எடுத்துப் போகிறவரின் பெயரும் கிழமையும் எழுதிய சீட்டு ஒட்டியிருக்கும். ஒரு லென்ஸ் குறைந்தாலும் சீட்டில் இருக்கிற பெயர்தான் பதில் சொல்ல வேண்டும்.

மேடம் கோபக்காரர் இல்லை. மதியம் தன் டப்பாவிலிருந்து மீன் வறுவலை எங்களுக்குப் பங்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார். ஆனால் அவர் மேஜைக்குப் பின்னால் ஒரு முகாம் காலண்டர். அதில் செவ்வாயைத் தவிரக் காலியான கட்டமே கிடையாது. முகாமுக்கு இரண்டு பேர் கட்டாயம், இருப்பதே இரண்டு பேர். அதைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். லீவு லெட்டரை எழுதி, லென்ஸ் பெட்டியில் தட்டுக்கு அடியில் மடித்து வைத்துக்கொண்டு மூன்று வாரம் சுமந்தேன். கேட்கத்தான் போவேன். ஒரு தடவை ஸ்டேப்ளர் கேட்டுவிட்டு வந்தேன். இன்னொரு தடவை பஞ்சு. மூன்றாம் தடவை பேனா கேட்டபோது, என் சட்டைப்பையில் ஏற்கெனவே இரண்டு பேனா இருந்ததை அவர் பார்த்துவிட்டார்.

“ஸ்டேப்ளர், பஞ்சு, பேனா. அடுத்து என்ன, என் நாற்காலியா?”

செவ்வாய்க்கிழமை

செவ்வாயன்று நான் செய்வது ஒன்றுதான். ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போய், அம்மா மண்டபம் படித்துறையில் தண்ணீரில் காலை விட்டுக் கண்ணை மூடிக்கொள்வது. வாரம் முழுக்க அடுத்தவர் கண்ணுக்குள் டார்ச் அடிக்கிறவளுக்கு, எதையும் பார்க்காமல் இருப்பதுபோல ஒரு சுகம் கிடையாது. துணி துவைக்கிற சத்தம், மந்திரம் சொல்கிற சத்தம், பொரி கேட்டு அழுகிற குழந்தை எல்லாம் கேட்கும். யாருக்கும் என்னிடம் கேள்வி இல்லை. எனக்கும் யாரிடமும் கேள்வி இல்லை. ஒரு நாள் பூ விற்கிற அக்கா, ஏதாவது வேண்டுதலா என்று விசாரித்தார். லீவு என்றேன். தனக்கு லீவு கிடைத்தாலும் இப்படித்தான் உட்காருவேன் என்று சொல்லி ஒரு முழம் மல்லிகை கொடுத்தார்.

அந்த நேரம் பார்த்து அம்மாவிடமிருந்து போனில் இரண்டு படம் வந்தது. வாசற்படிக்குப் பதிக்க இரண்டு டைல்ஸ். கீழே, “இதுவா, அதுவா?” லீவு நாளிலும் என்னை விடவில்லை. எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. வாரம் முழுக்க மற்றவர்கள் என்னிடம் சொல்கிற அந்தப் பதிலையே அனுப்பினேன். உடனே போன் வந்தது.

“அப்பாவும் அதையேதான் சொல்லுதாங்க. நீ வந்து நேர்ல பாத்துச் சொல்லு. புதன்கிழமைக்கு லீவு கேட்டுட்டியா?”

மருங்காபுரிக்காரரின் வீட்டுப்பாடம்

கிட்டப் பார்வை பார்க்கக் கையில் ஒரு அட்டை கொடுப்போம். பெரிய எழுத்தில் தொடங்கிப் பொடி எழுத்து வரை இருக்கும். மருங்காபுரியில் கடலை போடுகிற ஒரு விவசாயி, அதில் பாதிக்குமேல் படிக்க முடியாமல் மிகவும் வருத்தப்பட்டார். கண்ணாடி அடுத்த புதன்கிழமை இங்கேயே கிடைக்கும் என்று சொல்லி அனுப்பினேன். சாயங்காலம் சாமான் எண்ணும்போது அட்டையைக் காணோம். தேடிக்கொண்டிருக்கும்போது மினி பஸ் ஒன்று எங்களைக் கடந்து போனது. ஜன்னலுக்கு வெளியே அட்டையை ஆட்டியபடி அவர்.

“அடுத்த வாரம் ஒரு எழுத்து விடாமப் படிச்சு ஒப்பிச்சுடறேம்மா.”

ஸ்ரீரங்கத்தில் உரக்கப் படித்தவர்

கிரகப்பிரவேசத்துக்கு இரண்டு நாள் முன்பு, திங்கட்கிழமை. ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில் முகாம். செவ்வாய் லீவு. புதன் மருங்காபுரி. கேட்பதானால் அன்றுதான் கேட்க வேண்டும். காலையிலிருந்து மேடம் பக்கத்து மேஜையில்தான் இருந்தார். நான் கேட்கவில்லை.

பதினோரு மணிக்கு நெற்றி நிறையத் திருமண்ணோடு ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் வந்தார். சன்னிதியில் எவ்வளவு தூரத்தில் நின்றாலும் பெருமாள் நன்றாகச் சேவையாகிறாராம், கையில் இருக்கிற பாசுரம்தான் தெரியவில்லையாம். சோதனை பிரேமை மாட்டி லென்ஸ் போட்டேன். எங்களிடம் மிஞ்சிய ஒரே அட்டை நஸ்ரீனிடம் இருந்தது. அட்டைக்குப் பதிலாக முகாம் நோட்டீஸ் ஒன்றை மடித்துப் பெட்டியில் தட்டுக்கு அடியில் வைத்திருந்தேன். ஒரு கையால் பிரேமைச் சரிசெய்தபடியே மற்றக் கையால் அதை எடுத்து நீட்டி, படிங்க சார் என்றேன்.

நாற்பது பிள்ளைகளுக்குக் கேட்கிற குரல் அது.

“மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு, இந்த மாதக் கடைசிப் புதன்கிழமை எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசம். என் அப்பா எட்டு வருஷமாகக் கட்டிய வீடு. அன்று ஒரே ஒரு நாள் லீவு தந்தால்...”

நஸ்ரீன் திரும்பினாள். மேடம் பேனாவைக் கீழே வைத்தார். எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆனால் பழக்கதோஷம் என்று ஒன்று இருக்கிறதே, கை தானாக லென்ஸை மாற்றியது, வாய் தானாகக் கேட்டது, இதுவா, அதுவா என்று. ஆசிரியர் பொறுமையாக இரண்டு லென்ஸிலும் லெட்டரைக் கடைசிவரை படித்துப் பார்த்தார். பிறகு பக்கத்து மேஜைப் பக்கம் திரும்பினார்.

“ரெண்டுலேயும் லீவுதான் கேட்டிருக்கு. குடுத்துடுங்கோளேன்.”

மேடம் எழுந்து வந்து லெட்டரை அவர் கையிலிருந்து வாங்கி, மடித்து, தன் ஃபைலில் வைத்துக்கொண்டார். சாயங்காலம் வரை அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

ஐந்து மணிக்கு டிரைவர் அண்ணன் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா மேடம் வந்து என் பெட்டியைக் கேட்டு வாங்கினார். திறந்து, லென்ஸ்களை ஒவ்வொன்றாக எண்ணினார். மூடியில் இருந்த என் பெயர்ச் சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை ஒட்டினார். என் பையிலிருந்த பேனாவை உருவி, சீட்டில் தன் பெயரை எழுதி, கீழே ‘புதன், வியாழன்’ என்று எழுதினார். பிறகு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வண்டியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.