புயலின் கண்ணில் திருப்புளியோடு

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் நான் லண்டனில், ஹவுன்ஸ்லோவில் ஒரு சின்னக் கம்பனியில் டெக்னீஷியனாக இருந்தேன். விமானத்தின் இறக்கைக்குக் கீழே பூட்டுகிற ஒரு கருவியை நாங்கள் செய்துகொண்டிருந்தோம். முகிலுக்குள் இருக்கிற நீர்த்துளிகள் எவ்வளவு பெரிசு என்று அது அளக்கும். பார்வைக்குத் தேத்தண்ணி கொண்டுபோகிற பிளாஸ்க் மாதிரி இருக்கும். விலையைக் கேட்டால் அப்படி இருக்காது.

ஒரு கோடையில் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சிக் குழு அந்தக் கருவியைக் கேட்டது. அவர்களுடைய விமானம் சூறாவளிக்குள் போய்த் தகவல் சேர்க்கிற விமானம். கருவியோடு அதைத் தெரிந்த ஒருவரும் வரவேண்டும் என்றார்கள். அந்தக் கிழமையே எங்கள் என்ஜினியருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. மற்றவருடைய மனைவிக்குப் பிள்ளை பிறக்க இருந்தது. அது உண்மைதான், பிள்ளையைப் பிறகு நானே பார்த்தேன். முதலாளி என் மேசைக்கு வந்து, என்னிடம் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். தேர்வு அதோடு முடிந்தது.

மனைவி அப்போது ஸ்ட்ரெதம் ஹை ரோட்டில் ஒரு மருந்துக்கடையில் வேலை. ஷிப்ட் முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றும்வரை காத்திருந்து சொன்னேன்.

"புயல் அடிச்சா விமானத்தை வேற பக்கத்தால விடுவினம் எண்டுதான் நான் கேள்விப்பட்டிருக்கிறன்," என்றாள்.

"இது புயலுக்குள்ள போறதுக்கெண்டே இருக்கிற விமானம்."

"என்னத்துக்கு?"

"உள்ளுக்க காத்து எவ்வளவு பலம் எண்டு பாக்க."

"மேல சட்டலைட் இருக்குதெல்லோ?"

"அது மேலாலதான் பாக்கும். உள்ளுக்க போய் அளந்தாத்தான் எந்தக் கரைக்கு எவ்வளவு வேகத்தில வருமெண்டு வடிவாச் சொல்ல ஏலும். சனத்தை முன்கூட்டியே வெளியேத்தலாம்."

"அது நல்ல விசயம்தான்," என்றாள். "ஆனா நீங்கள் என்னத்துக்கு?"

என்ஜினியரின் முதுகைப் பற்றிச் சொன்னேன்.

அவளுடைய தமையன், என் மச்சான், கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்கிற இடத்தில் இருந்தார். ஜெர்மனியில் பல வருஷம் இருந்துவிட்டு லண்டனுக்கு மாறி வந்தவர். வீடுகளுக்கு பொய்லர் பூட்டுகிற வேலை. எதற்கும் முதலில் இன்சூரன்ஸ் எடுக்கவேண்டும் என்பது ஜெர்மனி அவருக்குப் பழக்கிய பழக்கம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து, தானே ஒரு இன்சூரன்ஸ் கம்பனிக்குப் போன் அடித்து, நாங்கள் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

பயணத்தில் ஆபத்தான விளையாட்டு ஏதும் உண்டா என்று மறுமுனையில் ஒரு பெண் கேட்டாள்.

"விளையாட்டு இல்லை. வேலை," என்றார் மச்சான் ஆங்கிலத்தில். "சூறாவளிக்குள் விமானத்தில் போவார்."

அவள், "தவறுதலாகவா?" என்று கேட்டாள்.

"இல்லை. வேண்டுமென்றே."

பொறுத்திருக்கச் சொல்லிவிட்டு இசையைப் போட்டாள். நாங்கள் மூவரும் அந்த இசையைக் கேட்டபடி இருந்தோம். திரும்பி வந்து, அப்படி ஒரு பாலிசி தங்களிடம் இல்லை, ஆனால் சூறாவளியால் பயணம் தடைப்பட்டால் இழப்பீடு தருவோம் என்றாள்.

மச்சான் போனை வைத்தார். "சூறாவளி வராட்டித்தான் இவரின்ரை பயணம் தடைப்படும்," என்றார். அவர் சிரிக்கவில்லை. தங்கச்சியின் முகத்தைப் பார்த்துவிட்டு, அமெரிக்கன்கள் தங்கடை ஆக்களுக்கு எல்லாம் ஒழுங்கு பண்ணியிருப்பாங்கள் என்று சொன்னார். நான் அமெரிக்கனில்லை என்பதை ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை.

ஃப்ளோரிடாவில் கொஞ்ச நாள் காத்திருந்தோம். பிறகு கடலில் ஒன்று உருவானது. காலையில் புறப்பட்டோம். நாலு விசிறிகளோடு பழைய காலத்து விமானம். உள்ளே கதிரைகள் குறைவு, கணினிப் பெட்டிகள் அதிகம். என் பெட்டிக்கு முன்னால் என்னை உட்கார்த்தி, இரண்டு தோளுக்கும் மேலால் பட்டிகளை இழுத்துப் பூட்டிவிட்டார்கள். பக்கத்துக் கதிரையில் ஒரு பெண் விஞ்ஞானி. நீளக் கடதாசிக் குழாய் போன்ற கருவிகளை விமானத்தின் அடியால் கீழே போடுவது அவளுடைய பொறுப்பு. ஒவ்வொன்றும் சின்னப் பாரசூட்டில் கடல்வரை விழும். விழுகிற வழியெல்லாம் காற்றையும் வெப்பத்தையும் ஈரத்தையும் அளந்து ரேடியோவில் அனுப்பும். பிறகு கடலில் விழுந்து செத்துவிடும். அவள் ஒவ்வொன்றையும் போடமுன் அதைத் தட்டிக்கொடுத்தாள். பழக்கதோசமாக இருக்கலாம்.

சூறாவளியின் நடுவில் காற்றில்லாத ஓர் இடம் உண்டு. அதைக் கண் என்பார்கள். அதைச் சுற்றி நிற்கிற முகில் சுவரில்தான் காற்று மிகப் பலம். அந்தச் சுவருக்குள் போகமுன் விமானி, பஸ் டிரைவர் அடுத்த தரிப்பைச் சொல்வதுபோல, "சுவர் வருகிறது" என்றார். பின்னால் ஒருவர் சூடாக்கிக்கொண்டிருந்த சூப்பை அவசரமாகக் குடித்து முடித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல எனக்கு வராது. யன்னலில் ஒன்றும் தெரியவில்லை, வெள்ளைதான். மழை விமானத்தில் கல் எறிவதுபோல் பட்டது. விமானம் திடீரென்று கீழே போகும், மேசையில் இருந்த என் பேனை மேலே நிற்கும், பிறகு இரண்டும் சந்தித்துக்கொள்ளும். நான் கதிரையின் விளிம்பைப் பிடித்திருந்தேன். அது எனக்கு ஒரு விதத்திலும் உதவாது என்று தெரிந்துகொண்டே பிடித்திருந்தேன். மனைவியை நினைத்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில், ஹவுன்ஸ்லோவில் ஒரு பிளக்கை இறுக்கினேனா இல்லையா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இறுக்கியிருக்கவில்லைப் போலும். என் திரை அப்படியே நின்றுபோனது.

சுவருக்குள் பட்டியைக் கழற்ற விடமாட்டார்கள். நின்றுபோன திரையைப் பார்த்தபடி இருந்தேன். எதற்காக அவ்வளவு தூரம் போனேனோ, அந்த முகில் அளக்கப்படாமல் கடந்து போனது. பிறகு ஒரே கணத்தில் குலுக்கல் நின்றது. உள்ளே வெயில் அடித்தது. எல்லோரும் யன்னலுக்குப் போனார்கள். நான் பட்டியைக் கழற்றிவிட்டு, திருப்புளியை எடுத்துக்கொண்டு முழங்காலில் நின்று, பெட்டி இருந்த மேசைக்குக் கீழே தலையை நுழைத்தேன்.

நடுப்புள்ளியைக் கண்டுபிடிக்க விமானம் கண்ணுக்குள் ஒரு வட்டம் அடித்தது. ஆட்கள் ஏதோ சொல்வது கேட்டது. நான் வயர்களின் நடுவே இருந்தேன். பிளக்கைக் கண்டுபிடித்து இறுக்கினேன். திரை திரும்பவும் ஓடத் தொடங்கியது. அப்போது பக்கத்துக் கதிரைப் பெண் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இப்போது பாராவிட்டால் பிறகு நீ கவலைப்படுவாய்," என்றாள்.

எழும்பிப் பார்த்தேன். சுற்றிவர முகில், வெள்ளையாக, மைதானத்தின் படிகள்போல் மேலே மேலே சரிந்து போனது. மேலே நீல வானம். அன்று தாழவே பறந்ததால் கீழே கடல் தெரிந்தது. கடலுக்கு மேலே வெள்ளைப் புள்ளிகள் வட்டமாக அசைந்தன. நுரை என்று நினைத்தேன்.

"பறவைகள்," என்றாள் அவள். "உள்ளே அகப்பட்டவை. வெளியே வர முடியாது. புயல் போகிற இடத்துக்கெல்லாம் கூடவே போகும்."

ஒரு நிமிடம்கூடப் பார்த்திருக்கமாட்டேன். விமானி "சுவர் வருகிறது" என்றார். ஓடிப்போய்ப் பட்டியைப் பூட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு கருவி நன்றாக வேலை செய்தது. திரும்பவும் கண்ணுக்குள் போனோம், ஆனால் அந்த முறை கீழே முகில் மூடிவிட்டது. நான் யன்னலில்தான் நின்றேன்.

லண்டனுக்கு வந்த அன்று மனைவி சோறும் மீன்குழம்பும் வைத்திருந்தாள்.

"பயந்தனீங்களோ?" என்று கேட்டாள்.

"ஓம்," என்றேன்.

பயந்தேன் என்று அவளிடம் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அவள் இன்னும் கொஞ்சம் குழம்பு விட்டாள். நான் பறவைகளைப் பற்றிச் சொன்னேன்.

"அதுகள் களைச்சுப் போகாதுகளோ?"

"போகும்போல."

"கீழ இருக்கவும் ஏலாது, என்ன? கடல்."

"கொஞ்சம் கரை கண்டு தப்புமாம்."

"கொஞ்சம்," என்று திருப்பிச் சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தபடி இருந்தாள். புயலில் சனம் என்ன ஆனது என்று செய்தியில் பார்த்திருந்தாள். பறவைகளைப் பற்றி அவளுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

அடுத்த வருஷம் திரும்பவும் கேட்டார்கள். என்ஜினியரின் முதுகு சுகமாகிவிட்டிருந்தது, ஆனால் இந்த முறை நானே போகிறேன் என்றேன். மனைவி லீவு எடுத்துக்கொண்டு கூட வந்தாள். அவள் அங்கே நின்ற ஒரு கிழமையும் கடலில் சூறாவளி ஒன்றுமில்லை. ஒருநாள் விமானத்தைப் பார்க்கக் கூட்டிப்போனேன். கொட்டகைக்குள் அமைதியாக நின்றது. அவள் ஏறி, என் கதிரை எது என்று கேட்டு, அதில் இருந்தாள். பட்டிகளை இரண்டு தோளாலும் இழுத்துத் தானே பூட்டினாள். நிறைய நேரம் முன்னால் இருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். "கொஞ்சம் சும்மா இருங்கோ," என்றாள்.

அப்போது அந்த விமானி வந்தார். மரியாதையான மனிதர். கையைக் குலுக்கி, வேண்டுமானால் விமானத்தைச் சோதனைக்காக ஓட்டிப் பார்க்கிற நாளொன்றில் அவளையும் ஏற்றிப் போக அனுமதி கேட்கிறேன் என்றார்.

"நன்றி," என்றாள் ஆங்கிலத்தில். "திங்கட்கிழமை லண்டனில் எனக்கு வேலை."

பட்டியைக் கழற்றி, அதை மடித்துக் கதிரையில் வைத்துவிட்டு, படியால் கவனமாக இறங்கினாள்.