தாம்பூலப் பையில் போன வீடு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். எந்த இடத்தில் என்று தெரிந்திருந்தால் நானே திருத்தியிருப்பேன். ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். படிப்பு என்னை விட்டதா, நான் அதை விட்டேனா என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் பெரிய வருத்தம் இல்லை.

எங்கள் வீட்டை ஒழுங்குபடுத்த வந்த மேடம் போகும்போது, "உங்க அனுபவத்த நாலு வரி எழுதிக் குடுங்க சார், மத்தவங்களுக்கு உதவும்" என்றார். பரவை மார்க்கெட்டில் இருபது வருடமாக மூட்டை தைக்கிறேன். அங்கே என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக எழுத உட்கார்ந்தேன். நாலு வரியில் அடங்கவில்லை. எங்கள் வீட்டில் எது அடங்கியிருக்கிறது, இது அடங்க?

நாகமலை புதுக்கோட்டையில் ஒரு கூடம், ஓர் அறை, ஓர் அடுப்படி. அதில் முக்கியமாகக் குடியிருந்தவை காலி ஹார்லிக்ஸ் பாட்டில்கள், மூடி இல்லாத டப்பாக்கள், டப்பா இல்லாத மூடிகள், அரசாங்கம் கொடுத்து ஓடாமல் போன மிக்ஸி, ஒரு கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் நான்கு. மிச்ச இடத்தில் நானும் என் மனைவியும் மகளும் இருந்தோம். மகள் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்க வேண்டும் என்றாள். மேசை போட இடம் இல்லை. போனில் தேடி, வீட்டை ஒழுங்குபடுத்தித் தருகிறவர் ஒருவரைப் பிடித்துவிட்டாள். அந்தக் காலத்தில் இந்த வேலைக்கு மாமியார் என்று ஒரு பதவி இருந்தது. இப்போது அதற்கும் படிப்பு வந்துவிட்டது.

மேடம் ஒரு சனிக்கிழமை காலையில் வந்தார். முப்பது வயது இருக்கும். கையுறை, அளவு நாடா, பேர் அடித்து ஒட்டும் ஒரு குட்டி மெஷின். அதட்டலே இல்லை. "யாரும் பதட்டப்பட வேணாம். உங்களக் கேக்காம ஒரு ஊசியக்கூடத் தூக்கிப் போட மாட்டேன்" என்றார். கூடத்தில் மூன்று குவியலுக்கு இடம் ஒதுக்கினார்: வைத்துக்கொள்வது, கொடுப்பது, எறிவது.

"ஒரு வருசமா தொடாத பொருள்னா அது உங்களுக்குத் தேவையில்லன்னு அர்த்தம்" என்று விளக்கினார்.

இந்தக் கணக்கில் என் மச்சானை எந்தக் குவியலில் சேர்ப்பது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. நான் நினைத்ததையெல்லாம் கேட்கிற ஆள் இல்லை.

பத்து மணிக்கு மேடம் என் மூலைக்கு வந்தார். அங்கேதான் தாம்பூலப் பைகள் இருந்தன. எங்கள் பக்கம் எந்த விசேஷத்துக்குப் போனாலும் கிளம்பும்போது தேங்காய், வெற்றிலை பாக்கு போட்டு ஒரு துணிப்பை கொடுப்பார்கள். பையில் மணமக்கள் பேர் அச்சடித்திருக்கும். அவர்களில் சிலர் இப்போது பேசிக்கொள்வதில்லை. பை மட்டும் அப்படியே இருக்கிறது. எங்கள் வீட்டில் ஐம்பது அறுபது பைகள் சேர்ந்திருந்தன.

மற்றவர்களுக்கு அவை குப்பை. எனக்கு அதுதான் பீரோ. எழுத்துக் கூட்டி வாசிக்க எனக்கு நேரம் ஆகும். அதனால் சிவப்புப் பையில் ரேஷன் கார்டு, பிள்ளையார் படம் போட்ட பையில் கரண்டு பில், மயில் படம் போட்ட பச்சைப் பையில் வீட்டுப் பத்திரம். கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். இந்த முறையை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

அதற்கு அடுத்த புதன்கிழமை தாலுகா ஆபீசில் அந்த மூலப்பத்திரத்தைக் காட்டினால்தான் எங்கள் வீட்டுக்குப் பட்டா. மூன்று வருடமாக அலைந்து வாங்கிய தேதி அது. அதனால் மயில் பை பத்திரமாக இருக்க வேண்டும்.

மேடம் ஒவ்வொரு பையாகத் திறந்து, உள்ளே இருப்பதை எடுத்து, என் மகளிடம் வாசித்துக் காட்டிவிட்டுப் பெட்டியில் வைத்தார். காலிப் பை "கொடுப்பது" குவியலுக்குப் போனது. அடுத்து மயில் பை. மயில் பையில் பத்திரம் மட்டும் இல்லை. ஒரு நாலு வரி நோட்டும் இருந்தது. பத்திரம் பதியப் போனபோது என் கையெழுத்து இடத்துக்கு இடம் மாறுகிறது என்று பதிவு ஆபீசில் சத்தம் போட்டார்கள். நாற்பது வயதில் ஒரு நோட்டு வாங்கி, பக்கம் பக்கமாக என் பேரை எழுதிப் பழகினேன். மகளுக்கு அது தெரியாது. மேடம் முன்னால் அது தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

"சார், இதுல வேற ஏதாச்சும் முக்கியமா இருக்கா?" என்று மேடம் கேட்டார். மூன்று தடவை கேட்டார். அவர் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

"ஒண்ணும் இல்ல மேடம்" என்றேன்.

அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் மயில் பையைச் சுருட்டி, "கொடுப்பது" குவியலுக்கு அடியில் சொருகினேன். வேண்டாத பொருளை யார் கிளறப் போகிறார்கள்? சாயங்காலம் மேடம் போனதும் எடுத்துக்கொள்ளலாம். என் வாழ்க்கையில் நானாகப் போட்ட முதல் திட்டம் அது. அதன் பிறகு திட்டம் போடுவதை நிறுத்திவிட்டேன்.

மனைவி என்னை வடை வாங்க அனுப்பினாள். திரும்பி வந்தபோது குவியல் பாதியாக இருந்தது. பைகள் ஒன்றுகூட இல்லை.

"பையெல்லாம் எங்க?"

"மேலத்தெருக் காதுகுத்துல தாம்பூலப் பை பத்தலையாம். அந்தக்கா ஓடி வந்து கேட்டுச்சு. அம்புட்டையும் அள்ளிக் குடுத்துட்டேன். குப்பைக்கு ஒரு விடிவு வந்துச்சு" என்றாள் மனைவி. "ஏங்க, வடைய வச்சுட்டுப் போங்க! எங்க போறீங்க?"

காதுகுத்து நடந்த தேனி ரோட்டு மண்டபத்தில் பந்தி முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. வாசலில் மேசை போட்டுப் பை கொடுத்தார்கள். யார் யார் கல்யாணப் பேரையோ சுமந்துகொண்டு எல்லோரும் காதுகுத்திலிருந்து போனார்கள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது எங்கள் பக்கம் வழக்கம் இல்லை. எனக்கோ கொடுக்காததைக் கேட்கவே வாய் வராது. அதனால் வரிசையில் நின்றேன். ஒரு பை கொடுத்தார்கள். மயில் இல்லை. மறுபடி நின்றேன். சூரியகாந்திப் பூ. மறுபடி நின்றேன்.

"மூணாவது தடவையா வாரீங்க அண்ணே" என்றான் மேசையில் நின்றவன். "வீட்டுல சட்னி அரைக்கிறீகளா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு மூன்றாவது பையையும் வாங்கினேன். நிமிர்ந்தபோது மயில் ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. அறுபது வயது இருக்கும் ஒரு அம்மா அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனார். பின்னால் ஓடினேன்.

"அக்கா, அந்தப் பையக் குடுத்துட்டு இத வச்சுக்கிறீகளா?"

அவர் என் பைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு தம் பைக்குள். "ஏப்பா, ஏந்தேங்கா பெருசா இருக்குன்னு கண்ணு வச்சுட்டியாக்கும்?"

"தேங்கா இல்லக்கா. மூணு பையும் உங்களுக்கே."

"மூணா? உசிலம்பட்டியில இருந்து வந்த எனக்கு ஒண்ணு, உள்ளூர்க்காரனுக்கு மூணா? நல்லா இருக்குய்யா ஒங்க ஊரு மரியாத!"

அதற்குள் பஸ் வந்துவிட்டது. கண்டக்டர், "உசிலம்பட்டி, உசிலம்பட்டி! ஏறு ஆத்தா, வம்பு பேச ஒனக்கு ரோடுதான் கெடச்சதா?" என்றார். அந்த அம்மா ஒரு காலைப் படியில் வைத்தார்.

"அக்கா, அதுல எங்க வீடு இருக்கு!"

நான்தான் கத்தியிருக்கிறேன். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்ததில் தெரிந்தது.

"வீட்டுப் பத்திரம்க்கா. எனக்கு வேகமா வாசிக்க வராது. பையப் பாத்துத்தான் எதுல என்ன இருக்குன்னு கண்டுபிடிப்பேன்." இத்தனை வருடம் வீட்டில் சொல்லாததை ஒரு டவுன் பஸ்ஸுக்கே சொல்லிவிட்டேன்.

அவர் காலை எடுத்துவிட்டார். தேங்காயை வெளியே எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு அடியில் துழாவினார். பத்திரம் வந்தது. கூடவே நோட்டும் வந்து விரிந்தது.

"என்னப்பா இது, ஒரே பேர இம்புட்டுத் தடவ எழுதி வச்சிருக்க?"

"கையெழுத்துப் பழகுனேன்க்கா."

அவர் தம் கட்டைவிரலைக் காட்டினார். "எனக்கு இதுதான். இதுல ஒரு வசதி, பழக வேண்டியதில்ல." பையை என்னிடம் கொடுத்துவிட்டுத் தம் தேங்காயை மறக்காமல் வாங்கிக்கொண்டார். "வீட்டப் பையில போட்டு ஊர்மேல விடுற ஆள இப்பத்தான்யா பாக்குறேன். சரி, அந்த மூணு பையும் எனக்குன்னு சொன்னேல்ல? கொண்டா."

கொடுத்தேன். பஸ் போனது.

நான் வீடு வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. மண்டபத்திலிருந்து யாரோ போன் செய்திருக்கிறார்கள். மனைவி திட்டத் தயாராக நின்றாள். நோட்டைப் பார்த்ததும் திட்டை வேறு நாளுக்குத் தள்ளிப்போட்டாள். மகள் என் கையிலிருந்த வடையை வாங்கித் தட்டில் வைத்துக் கொடுத்தாள். மேடம் மட்டும், "நான் தப்பா கேட்டிருக்கேன் சார். என்ன இருக்குன்னு கேட்டேன். எப்படிக் கண்டுபிடிப்பீங்கன்னு கேக்கல" என்றார். பெட்டிகளில் ஒட்டிய பேர்ச்சீட்டுகளைக் கழற்றினார். சுவரில் கொக்கிகள் அடித்தோம். மனைவி காதுகுத்து வீட்டில் மீந்த பைகளை வாங்கி வந்தாள். எது எதற்கு என்று நான் சொல்ல, மேடம் எழுதிக்கொண்டார். ஐந்தாம் வகுப்பு சொல்ல, பட்டப்படிப்பு எழுதியது.

புதன்கிழமை மயில் பையோடு தாலுகா ஆபீஸ் போனேன். பட்டாவுக்கு எழுதிக்கொண்டார்கள். மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டேன். மூன்றும் ஒரே மாதிரி இருந்தன. அந்த எழுத்தர் அதைப் பாராட்டவில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் வரும் என்று நினைத்துக்கொண்டார் போல.

நாலு வரி நோட்டில் பின்னால் கொஞ்சம் தாள் காலியாக இருந்தது. ஒரு வருடம் தொடாமல் விட்டால் அது வேண்டாத பொருளாகிவிடும் அல்லவா. அதில்தான் இதை எழுதினேன். மேடம் கேட்டது வைகாசியில். எழுதி முடித்தது ஐப்பசி ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.