சாட்சி இல்லாத சொல்

ஸ்டோரில் கட்டிங் மெஷினைக் காணோம் என்று காலையிலேயே சத்தம். அரபு நாட்டில் எங்கள் கம்பெனி ஆட்கள் தங்கும் முவைலா கேம்ப் வாசலில், சைட்டுக்குப் போகும் பஸ்ஸுக்காக நாற்பது பேர் நின்றிருந்தோம். ஸ்டோர்கீப்பர் ராஜன் நேராகக் கம்பி கட்டும் செல்வராஜிடம் வந்தார்.

"இவன்தான் திருடன்! நேத்து கடைசியா ஸ்டோருக்குள்ள வந்தது இவன்தான்."

செல்வராஜ் பெரம்பலூர்க்காரன், அதிர்ந்து பேசாதவன். அன்று அவனே கத்திவிட்டான். "யாரைடா திருடங்கற, நாயே!"

ராஜன் போலீசுக்குப் போய், தன்னைக் கேவலமாகத் திட்டியதாகப் புகார் கொடுத்துவிட்டார். இங்கே அது குற்றம்.

நான் டைம்கீப்பர், தினமும் காலையில் கேம்ப் வாசலில் ஆள் கணக்கு எடுப்பவன். காயல்பட்டினத்துக்காரன், அரபி தெரியும். அதனால் ஸ்டேஷனில் மொழிபெயர்க்க கம்பெனி என்னை அனுப்பியது. நம் ஊரில் பிள்ளைகளைக்கூட நாய் என்று திட்டுவோம். அதையே நான் அரபியில் சொன்னதும் அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு செல்வராஜை நிமிர்ந்து பார்த்தார்.

"பாய், அவன்தான் முதல்ல என்னைத் திருடன்னு சொன்னான். அதைச் சொல்லுங்க பாய்."

சொன்னேன். ராஜன் மறுத்தார். கேட்டவர்கள் யாராவது உண்டா என்றார் அதிகாரி. அதையும் தமிழில் சொன்னேன். செல்வராஜ் என்னையே பார்த்தான். ராஜன் மேனேஜருக்கு வேண்டியவர். என் மனைவியும் பிள்ளைகளும் கம்பெனி விசாவில் இங்கேயே டவுனில், ரோலாவில் இருந்தார்கள். நான் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேனேஜர் இங்கிலாந்துக்காரர். கேஸ் பதிவான செல்வராஜை ஊருக்கு அனுப்பிவிட வேண்டாம் என்று அவரிடம் போய்க் கெஞ்சினேன். அவர் நாட்டில் கோபத்தில் திட்டுவது வெறும் வசை, வழக்காகாதாம். நாலு பேர் காதில் விழ ஒருவனைத் திருடன் என்றால்தான் அவதூறாம். என்ன நஷ்டம் என்றுகூட நிரூபிக்க வேண்டாமாம். பொறுமையாக விளக்கினார். பிறகு செல்வராஜின் விசா கேன்சல் பேப்பரில் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரம் கழித்து அந்த மெஷின் கம்பெனியின் இன்னொரு சைட்டில், அல் ஐனில் கிடைத்தது. அனுப்பிய சீட்டில் இருந்தது ராஜனின் கையெழுத்து.

"மறந்துட்டேன் பாய். கலாஸ், முடிஞ்சுபோச்சு, விடுங்க," என்றார்.

ஊரிலிருந்து செல்வராஜ் போன் செய்தான். "திருட்டுக் கேஸ்ல அனுப்பிட்டாங்கன்னு ஊரே பேசுது பாய். எனக்குப் பேசி வச்சிருந்த பொண்ணு வீட்டுல வேண்டாம்னுட்டாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

பெண்ணின் அப்பாவைக் கூப்பிட்டு நடந்ததையெல்லாம் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டார்.

"நீங்க அப்ப அங்கதான் இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"போலீசுல சொன்னீங்களா?"

"இல்லை."

"அங்க சொல்லாததை இங்க வந்து சொன்னா எப்படி பாய் நம்புறது?" என்று அவர் போனை வைத்துவிட்டார்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம், வாயை அடக்குங்கள், இங்கே சட்டம் கடுமை என்று எல்லோரும் புத்தி சொல்வார்கள். நான் பதினெட்டு வருடம் வாயை அடக்கியே வேலை பார்த்தவன். அந்தப் புத்தியை மட்டும் என்னால் யாருக்கும் சொல்ல முடிவதில்லை.