நின்று நின்று போன டீச்சர் கார்

காருக்குள் கம்ப்யூட்டரை வைத்தார்களே, அன்றைக்குப் பிடித்தது நமக்குச் சனி. ஸ்கேனரைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கும் மெக்கானிக் சகாக்களே, என் கதையையும் கேளுங்கள்.

ஓட்டைக்குள் காசு

மன்னார்குடியில் என் பட்டறைக்கு ஒரு வியாழக்கிழமை தனபாக்கியம் டீச்சர் தன் அப்பாவோடு வந்தார். பழைய கார்தான், ஆனால் அவர்கள் தெருவுக்கே முதல் கார். ஓடும்போதே பொசுக்கென்று நின்றுவிடுகிறதாம். திங்கட்கிழமை நாகப்பட்டினம் கோர்ட்டில் தீர்ப்பு. அப்பா மாரிமுத்துவுக்கு நில உச்சவரம்பில் கிடைத்த நாலு மா நிலத்தின் மேல், பழைய மிராசுதார் வீட்டார் போட்ட கேஸ். இத்தனை வருஷம் வாய்தாவுக்கெல்லாம் பஸ்ஸில் போனவர், தீர்ப்புக்கு மகள் காரில்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

கார் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கும் ஸ்கேனரைச் சொருகினேன். உயிரே இல்லை. ஒயரை மாற்றினேன், மெஷினைத் தட்டினேன், விற்றவனைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால் சிகரெட் லைட்டர் ஓட்டைக்குள் மஞ்சள் துணி! முடிச்சு அவிழ்ந்து, காசு உள்ளே உட்கார்ந்து ஃபியூஸைக் காலி பண்ணியிருந்தது. ஸ்கேனருக்கும் அதே ஃபியூஸ்தான். மாரிமுத்து அய்யா அசரவே இல்லை. "கேசுக்காக மாரியம்மனுக்கு முடிஞ்ச காசு தம்பி. பத்தரமா ஒரு ஓட்ட இருந்துச்சு, வச்சேன்."

குறை ஒன்றும் இல்லையாம்

ஃபியூஸ் மாற்றியதும் ஸ்கேனர் வாயைத் திறந்தது. 'கோளாறு எதுவும் பதிவாகவில்லை' என்றது. நாலு தடவை நின்ற வண்டிக்கா? இரண்டு நாள் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். ஓட்டினார்கள், நின்றது. மறுநாள் காலை கொண்டுவந்தால் ஸ்கேனரில் மறுபடியும் 'கோளாறு இல்லை'. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

டீச்சர்தான் கண்டுபிடித்தார். அப்பா தினமும் சாயங்காலம் பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுகிறார்! அதைக் கழற்றினால் அந்தக் காரின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்ததெல்லாம் போயே போச்சு. ஏங்கய்யா இப்படி என்று கேட்டேன். "மோட்டார் கொட்டாயில பீஸ் கட்டயப் புடுங்காம நான் வீட்டுக்கு வந்ததே கெடையாது தம்பி. கரெண்டுன்னா வெளையாட்டா?"

கீழ்வேளூர் தாண்டி

பேட்டரியைத் தொடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, திங்கள் காலை ஸ்கேனரோடு நானும் காரில் ஏறினேன். கீழ்வேளூர் தாண்டியதும் நின்றது. பின்னால் வந்த பெரிய கார் ஒன்றும் நின்றது. மிராசுதார் மகன்! "ஒரே எடத்துக்குத்தானே போறோம், ஏறிக்குங்க" என்றார், கிண்டல் இல்லாமல்தான். அய்யா இறங்கக்கூட இல்லை. "நீங்க முன்னால போங்க தம்பி. எங்க வண்டி வந்துரும்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

இந்த முறை பதிவு அழியவில்லை. எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சாரில் கோளாறு என்று ஸ்கேனர் காட்டியது. அதன் ஒயரை வயல் எலி பாதி கடித்திருந்தது. வண்டி குலுங்கும்போது விட்டு விட்டுத் தொட்டிருக்கிறது. உரித்து, முறுக்கி, டேப் சுற்றினேன். ஒரே சாவியில் கிளம்பியது பாருங்கள், பானட்டுக்கு முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். தீர்ப்பு அய்யா பக்கம். டீச்சர் அழுதேவிட்டார். நிலம் கிடைச்சிருச்சுங்கய்யா என்று அய்யாவின் கையைப் பிடித்தேன். "நெலம் கெடக்கட்டும் தம்பி. எங்க வண்டி வந்துரும்னு அவுங்ககிட்ட வாய விட்டுட்டனே, வராம போயிருந்தா எந்த மூஞ்சிய வச்சிகிட்டு இங்க வந்து நிப்பேன்?"

டேப் சுற்றிய ஒயர் வழியில் விட்டுவிடுமோ என்று அன்றைக்கு அவரைவிட அதிகமாகப் பயந்தவன் நான்தான். நல்லவேளை, மெக்கானிக் மனசைப் படிக்க இன்னும் ஸ்கேனர் வரவில்லை.