அம்மா மாத்திரை போட்ட வருடம்

காகித அட்டையில் ஒட்டியிருக்கும் மாத்திரையைக் கட்டைவிரல் நகத்தால் கிழித்து எடுக்கும்போது ‘சரக்’ என்று ஒரு சின்னச் சத்தம் வரும். எங்கள் வீட்டில் அந்தச் சத்தத்தைத் தொடர்ந்து அடுப்பில் பால் விடாத ‘வரக்காப்பி’ கொதிக்கும் வாசனை வரும். அம்மா முந்தானையால் டம்ளரைப் பிடித்து, மாத்திரையை நாக்கில் வைத்து, கண்களை மூடிக்கொண்டு சூட்டோடு விழுங்குவாள். நானும் தங்கையும் அவள் முகத்தையே பார்த்தபடி காத்திருப்போம்.

எண்பதுகளின் நடுவில், நல்லம்பள்ளிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், கொஞ்சம் மானாவாரி நிலத்தையும் ஒரு கிணற்றையும் நம்பிப் பிழைத்த கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. எனக்குப் பத்து வயது, தங்கைக்கு ஏழு. எங்களுக்கு நாலு வயதில் ஒரு தம்பி இருந்தான். அந்த வருட ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு நான்காம் நாள் போய்விட்டான். அடக்கம் முடிந்து வந்த அன்றே எங்கள் பெரியம்மா, அப்பாவின் அண்ணன் மனைவி, அவனுடைய சட்டைகள், தகரக் கார், கரி பூசிய பலகை எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டித் தன் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். “பேரச் சொன்னா அவளுக்குப் புண்ணக் கிளறுன மாதிரி. இந்த வூட்ல இனிமே ஒருத்தரும் அவன் பேர எடுக்கக் கூடாது, ஆமா” என்று எங்கள் இருவரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனாலும் அதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

அம்மா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவாள், எழச் சொன்னால் எழுந்து உட்காருவாள், அவ்வளவுதான். அவளைத் தேற்ற ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கோயில் சிஸ்டர் வந்து ஜெபமாலை சொல்லச் சொன்னார். அம்மாவின் விரல் பத்தாவது மணியைத் தாண்டாமல் நின்றுவிடும். அப்பா ஒரு ரேடியோ வாங்கி வந்து, “பாட்டுக் கேட்டா மனசு லேசாவும்” என்று சத்தமாக வைத்தார். வைத்துவிட்டு, தன் மனதை லேசாக்கிக்கொள்ள தொப்பூர்ப் பக்கம் சாராயம் தேடிப் போனார். களை வெட்டப் போகும் பெண்கள் உடம்பு வலிக்குப் போட்டுக்கொள்ளும் தலைவலி மாத்திரையை யாரோ ஒருத்தி கொண்டுவந்து, “ரெண்டு போட்டுக்க, சுறுசுறுன்னு ஆயிடும்” என்று கொடுத்தாள்.

அந்த வைத்தியம் மட்டும் பலித்தது. மாத்திரை உள்ளே போன அரைமணி நேரத்தில் அம்மா எழுந்து வாசல் கூட்டுவாள், எங்களுக்குத் தலைபின்னி விடுவாள், ஒருமுறை தங்கைக்குக் கதைகூடச் சொன்னாள். அந்த ஒரு மணி நேரத்து அம்மாவுக்காக நான் கடைக்கு ஓடியே போவேன். ஒரு நாளைக்கு இரண்டு என்றிருந்தது மார்கழியில் ஆறானது. என் தலை தெரிந்ததுமே கடைக்காரர், “மாத்திரப் புள்ள வந்துடுச்சு” என்று அட்டையை எடுத்து வைத்துவிடுவார். அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கவில்லை; ஆனால் ஓடுவதை நிறுத்தவில்லை.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஊரெல்லாம் ‘கச்சாயம்’ என்ற வெல்லப் பலகாரம் சுடும் வாசனை. எங்கள் வீட்டில் அடுப்பே எரியவில்லை. நானே வரக்காப்பி போட்டு, கேட்காமலே மூன்று மாத்திரைகளை நசுக்கிக் கலந்து அம்மாவிடம் கொடுத்தேன். முதல் வாயிலேயே கசப்பு தெரிந்திருக்க வேண்டும். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு கடைசிச் சொட்டு வரை குடித்தாள். எழுந்து கச்சாயமும் சுட்டாள். மறுநாள் பூசைக்குக் கிளம்பும் நேரத்தில் துணி துவைக்கும் கல்லருகே உட்கார்ந்து கறுப்பாக வாந்தி எடுத்தாள். தர்மபுரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குடலெல்லாம் புண்ணாகிவிட்டது, இனி அந்த மாத்திரையைக் கையால் தொடக்கூடாது என்றார் மருத்துவர். நான் அம்மாவைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். அடுத்த வாரம் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் கடலைக்காய் திருடியதையும் பொய் சொன்னதையும் சொன்னேனே தவிர, இதைச் சொல்ல வாய் வரவில்லை.

வீடு திரும்பிய அம்மா பதினைந்து நாள் தாக்குப்பிடித்தாள். அதற்குப் பிறகு, நான் கடைக்குப் போக மறுத்ததும், தங்கையை அனுப்பத் தொடங்கினாள்.

மாசி பிறந்ததும் அதியமான்கோட்டை சாலையோரப் புளிய மரங்களை உலுக்கி, காயவைத்து, மூட்டை மூட்டையாக ஒரு வியாபாரியின் கொட்டகைக்குக் கொண்டுவந்து கொட்டுவார்கள். ஊர்ப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஓடு நீக்கி, கல்லின்மேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டிக் கொட்டை எடுப்பார்கள். “கை வேலையா இருந்தா மனசு மறந்துடும்” என்று பெரியம்மா அம்மாவை அங்கே இழுத்துப் போனார். அம்மா போய் உட்கார்ந்ததும் மற்றவர்களின் பேச்சு அடங்கிவிடும். பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று புடவையைப் பற்றிப் பேசுவார்கள். அவள் இடுப்பில் மாத்திரை அட்டை செருகியே இருந்தது.

அந்த வருடம் வேலைக்கு வந்தவர்களில் கெம்பம்மா என்று ஒருத்தி இருந்தாள். கர்நாடக எல்லைப் பக்கத்து ஊர்க்காரி. பாதி கன்னடம், பாதி தமிழ். எங்கள் வீட்டுக் கதையோ பெரியம்மாவின் சட்டமோ அவளுக்குத் தெரியாது. ஒரு சனிக்கிழமை, நானும் கொட்டகையில் இருந்தபோது, அவள் அம்மாவிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள்.

“ரெண்டு பொண்ணுங்க.”

“கண்டு மகு இல்லியா தாயி?” ஆண்பிள்ளை இல்லையா என்று கேட்கிறாள்.

சுத்தியல் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. “இந்தா, அந்தப் பேச்சு வேண்டாம்” என்று பெரியம்மா அதட்டினார். அம்மா குனிந்தபடியே, “இருந்தான்” என்றாள்.

“ஹெசரேனு? பேரு என்னா?”

அம்மா கையிலிருந்த புளியைக் கீழே வைத்தாள். “சின்னப்பன்” என்றாள்.

நாலு மாதமாக நாங்கள் கேட்காத பெயர். சொன்ன வேகத்தில் அம்மா வாய்விட்டு அழுதாள். அடக்கத்தன்றுகூட அவள் அப்படி அழவில்லை. பெரியம்மா எழுந்து ஓடிவந்தார். கெம்பம்மா மட்டும் ‘அழாதே’ என்று சொல்லவில்லை, கண்ணைத் துடைக்கவுமில்லை. தன் கல்லையும் புளியையும் அம்மாவுக்குப் பக்கத்தில் நகர்த்திக்கொண்டு மறுபடி தட்டத் தொடங்கினாள். அழுகை கொஞ்சம் ஓய்ந்ததும், “அவனுக்கு என்னா தின்ன இஷ்டம்?” என்று கேட்டாள்.

“வெல்லங்க. டப்பாவத் தெறந்தா எறும்பு வர்றதுக்கு முன்னாடி அவன் வந்துடுவான்” என்றாள் அம்மா. யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். மூக்கைச் சிந்திக்கொண்டே அம்மாவும் சிரித்தாள்.

அதன் பிறகு தவக்காலம் முழுவதும் கெம்பம்மா தினமும் ஒன்று கேட்பாள், அம்மா தினமும் ஒன்று சொல்வாள். அவன் நடந்த விதம், கோழிக்குப் பயந்தது, அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு விழுந்தது. மற்ற பெண்களும் தங்கள் வீட்டில் மண்ணுக்குப் போனவர்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்கள். மாத்திரை ஒரே நாளில் நின்றுவிடவில்லை. ஒரு நாளைக்கு வந்த அட்டை இரண்டு நாளைக்கு வந்தது, பிறகு ஒரு வாரத்துக்கு; ஆடியில் அட்டையே வாங்கவில்லை. உயிர்த்த ஞாயிறு முடிந்த மறுநாள் அம்மா பெரியம்மா வீட்டுக்குப் போய் அந்தச் சாக்கைக் கேட்டு வாங்கி வந்தாள். என் தம்பியைப் பற்றி அப்பாவிடமும் பேசிப் பார்த்தாள். அவர் எழுந்து கிணற்றுப் பக்கம் போய்விடுவார். சாராயம் அவரை விடவில்லை. என் கல்யாணத்துக்கு முன்பே அவர் போய்ச் சேர்ந்தார்.

புளி வேலை முடிந்ததும் கெம்பம்மா தன் ஊர்க்காரர்களோடு போய்விட்டாள். அடுத்த வருடம் வரவில்லை. எந்த ஊர் என்று கேட்டு வைத்துக்கொள்ள எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சாலையை அகலப்படுத்தியபோது அந்த மரங்கள் போயின. கொட்டகை இருந்த இடத்தில் லாரிகள் நிற்கும் பரோட்டாக் கடை இருக்கிறது. கொட்டை நீக்கிய புளி பாக்கெட்டில் வருகிறது. பத்துப் பெண்கள் ஒரு வேலைக்காகப் பகல் முழுவதும் சேர்ந்து உட்காரும் இடம் எங்கள் ஊரில் இப்போது இல்லை.

போன மாதம் அம்மாவை வயிற்றுவலிக்காகத் தர்மபுரியில் காட்டினேன். எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டாள். இளம் மருத்துவர் பரிசோதனைத் தாளைப் பார்த்துக்கொண்டே, “எப்பவாச்சும் வலி மாத்திர நெறைய சாப்பிட்டிருக்கீங்களாம்மா?” என்றார்.

“ஒரு வருசம் அளவே இல்லாம போட்டங்க.”

“ஏம்மா அவ்ளோ?”

“எம் மவன் செத்துட்டாங்க. நாலு வயசு. சின்னப்பன்னு பேரு.”

மருத்துவர் நல்ல பிள்ளை. முகம் வாடி, “சரிம்மா, அதெல்லாம் இப்ப நெனைக்காதீங்க” என்றார். என் கணவர் வீட்டில்கூட நான் தம்பியைப் பற்றிப் பேசியதில்லை; நாங்கள் அக்கா தங்கை இரண்டே பேர் என்றுதான் நாற்பது வருடமாக எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். அந்த அறையில் முதன்முறையாக வாய் திறந்தேன்.

“நெனைக்கட்டும் டாக்டர்” என்றேன். “அவன் என் தம்பி.”